பரண் ஏணியில் ஒரு முதுகு

என்னிடம் ஏணிப் படங்கள் முப்பத்தொன்று இருக்கின்றன. எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் கிடக்கின்றன. முப்பதில் ஆள் இல்லை. ஒன்றில் மட்டும் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு முகம் இல்லை, முதுகுதான் இருக்கிறது. அந்த முகம் இல்லாமல் போனதற்குக் காரணம் யுத்தம் என்று சில வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். யுத்தம் அவனைத்தான் கொண்டுபோனது. முகத்தை இல்லாமலாக்கியது நான்.

நாவற்குடாவில் பெரிய வீதியோரம் சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தேன். அடையாள அட்டைப் படம், கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் அதற்கொரு படம், சாவு. எங்கள் பக்கத்தில் அப்போது படம் எடுக்காமல் பிரேதப் பெட்டியை மூட மாட்டார்கள். பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிவர இனசனம் எல்லாம் நிற்கும். செத்தவரின் முகமும் விழ வேண்டும், நிற்கிறவர்களின் முகமும் விழ வேண்டும். தரையில் நின்று எடுத்தால் பெட்டியின் பலகைதான் விழும். அதற்காக விரித்து நிறுத்தக்கூடிய ஒரு மடக்கு ஏணி செய்வித்தேன். ஆறு படி. அதைச் சைக்கிளில் நீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவேன்.

கலியாண வீட்டுக்கும் அதே ஏணிதான். ஆனால் சனம் அதைச் சாவோடுதான் முடிச்சுப் போட்டது. நான் ஒழுங்கைக்குள் திரும்பினால் வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்க்கும். செத்துப்போனதை மோசம் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

“ஏணி போகுது கா. ஆர் மோசம்?”

“ஒருத்தரும் இல்ல. கலியாணம்.”

“அப்ப அந்தச் சாமானக் கொஞ்சம் மறைச்சிக் கொண்டு போங்களன். வயிறு பத்துது.”

எதால் மறைப்பது? ஏணியைச் சேலையால் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்களா? எரிச்சல் வரும். ஆனாலும் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அந்தக் காலத்தில் நான் போன வீடுகளில் பாதி சாவு வீடுதான்.

தொண்ணூறுக்குப் பிறகு ஏணியே எனக்குப் பெரிய வில்லங்கமாகிவிட்டது. சோதனைச் சாவடியில் நிற்கிறவனுக்கு ஏணி என்றால் மதில் ஏறும் சாமான். என்னத்துக்கு, எங்கே, யாருக்கு, ஏன் கதிரையில் ஏறி எடுக்க ஏலாதா என்று கேள்வி. ஒருநாள் வெயிலில் மூன்று மணித்தியாலம் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். கீழே வைக்கக்கூடாதாம். அடுத்த நாள் நான் கிராம சேவகரிடம் போய் ஏணிக்குக் கடிதம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வருடம் எதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து அளந்தார். நீளம் எழுதினார். படி ஆறு, கீழிருந்து நான்காவது படி புதிதாக மாற்றப்பட்டது, நிறம் இன்னது, இன்னாருக்குச் சொந்தமானது என்று எழுதி முத்திரை குத்தினார். அந்தக் கடிதத்தைக் காட்டினால் சிப்பாய் படியை எண்ணிப் பார்த்துவிட்டு விடுவான். கடிதம் மடித்து மடித்துக் கிழிந்தபோது ஒட்டி ஒட்டி வைத்திருந்தேன்.

ஏணிகளைப் படம் எடுக்கத் தொடங்கியது அதற்கு முந்தி, எண்பதுகளின் கடைசியில். காரணம் அழகு இல்லை. பயம். பாலத்தை எடுக்க ஏலாது, வீதியை எடுக்க ஏலாது, எரிந்த கடையை எடுத்தால் இவர்கள் கேட்பார்கள், ஆட்களை எடுத்தால் அவர்கள் கேட்பார்கள். கையில் கமரா இருக்கிறது, எதைப் பார்த்து அமத்துவது? ஏணியைப் பார்த்து அமத்தினால் ஒருவருக்கும் கோபம் வராது என்று நினைத்தேன். ஏணிக்குக் கட்சி இல்லையே.

ஒரு தடவை பார்க்கத் தொடங்கினால் எல்லா இடத்திலும் ஏணிதான். கூரை மேய வந்தவர்கள் கிடுகோடு விட்டுவிட்டுப் போன ஏணி. கோயிலுக்குச் சாயம் அடிக்கிறவர்களின் ஒற்றை மூங்கில், கணுவில் கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியது, அதில் கால் வைத்து ஏறுவார்கள். வாவிக்கரையில் கண்டல் வேர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைந்து நிற்பதும் ஏணிதான், நண்டு ஏறுகிற ஏணி. பட்டுப்போன தென்னையில் மரங்கொத்தி ஒரே நேருக்குப் போட்ட ஏழு துளைகள். கோடையில் உன்னிச்சைக் குளம் வற்றும்போது கட்டின் உட்பக்கம் தண்ணீர் இறங்கி இறங்கி விட்ட வரிகள், சேற்றில் படி வைத்த மாதிரி. இதெல்லாம் எடுத்தேன். கொழும்பில் ஒரு படப் போட்டி நடக்கும் என்றும் அதற்கு அனுப்பலாம் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். பரிசு கிடைத்தால் ஸ்டூடியோவில் மாட்டலாம். சாவுப் படக்காரன் என்ற பெயர் போகும். அதுதான் என் ஆசை. அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை.

முதுகு மட்டும் விழுந்த அவன் உன்னிச்சைப் பக்கம் போடியார் ஒருவரின், பெரிய நிலக்காரரின், வயல் வட்டைக்குக் காவல். வெள்ளாமை விளையும் காலத்தில் யானை வரும். வட்டை ஓரத்து ஆலமரத்தில் பரண் கட்டி அதில் இருந்து காவல் காப்பான். அவனுடைய கலியாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். மூன்று படம். மூன்றிலும் பேயறைந்தவன் மாதிரி நிற்பான். அது அவனுக்குப் பெரிய மனக்குறை.

கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு போடியாரின் மகள் பெரியவளாகி, தண்ணீர் வார்க்கும் சடங்குக்குப் படம் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது என் ஏணியை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். வரம்பில் முன்னால் அவன், பின்னால் நான். ஏணிக்குள் தலையை விட்டு இரண்டு தோளிலும் போட்டிருந்தான்.

“அண்ணன், இதத் தூக்கினா வழியில ஆரும் செத்திருவாங்களாம், மெய்யா?”

“நான் எத்தின வருசமாத் தூக்குறன். எனக்கென்ன?”

“நீங்க சாகமாட்டீங்க. நீங்க செத்தா ஆர் படம் எடுக்கிற?”

சிரித்துக்கொண்டே நடந்தான். வெள்ளாமை கதிர் தள்ளியிருந்தது. பின்னேர வெயில்.

பரணுக்குக் கிட்ட வந்ததும் நான் நின்றுவிட்டேன். ஆலமரத்தின் இரண்டு விழுதுகள் பக்கத்துப் பக்கத்தில் நிலத்துக்கு இறங்கி வேர் ஊன்றியிருந்தன. அவன் அதற்கு நடுவே காட்டுக் கம்புகளைக் குறுக்கே வைத்துக் கொடியால் கட்டியிருந்தான். அதுதான் பரணுக்கு ஏணி. மரம் பாதி செய்தது, இவன் பாதி செய்தது. கீழ்ப் படிகளில் விழுது பருத்து, கட்டின கொடியையே மூடியிருந்தது. நான் அதுவரை எடுத்த ஏணி எல்லாம் இதற்குக் கிட்டவும் வராது.

சுருளில் ஒரு படம் மிச்சம் இருந்தது. ஒன்றே ஒன்று.

“அண்ணன், ஒண்டு எடுங்களன்,” என்றான். “கலியாணப் படத்துல செத்த மூஞ்சி. அவ அதப் பாத்துப் பாத்துச் சிரிக்கா.”

“ஒரு படந்தான் இரிக்கு.”

“எனக்கு ஒண்டு காணும். எத்தின மூஞ்சி இரிக்கு எனக்கு?”

“சரி. அந்த ஏணில ஏறு.”

“ஏணில எண்டா மூஞ்சி விழுமா?”

“விழும், ஏறு.”

அந்தச் சொல்லைச் சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். முகம் இருந்தால் அது வெறும் ஆள் படம், முகம் இல்லாவிட்டால்தான் கலைப்படம் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வாசித்ததை நம்பியிருந்தேன். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். வெறும் மேல். ஐந்தாவது படியில் கை மேலே, ஒரு கால் தூக்கியபடி, வெயில் முதுகில் விழுந்தது. நான் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடது தோள் அசைந்தது. கழுத்து திரும்பத் தொடங்கியது. சிரிக்கத் தயாராகிக்கொண்டுதான் திரும்பினான், கன்னத்தின் ஓரம் உப்பியதைக் கண்டேன்.

“கிறுகாதடா!” என்று கத்தினேன். “நேர பாத்து ஏறு!”

அவன் முகத்தை மரத்தின் பக்கம் வைத்துக்கொண்டான். நான் அமத்தினேன்.

“இப்ப கிறுகவா, அண்ணன்?”

“முடிஞ்சுது. இறங்கு.”

“அப்ப மூஞ்சி?”

“அடுத்த முறை எடுப்பம்.”

ஓம் என்று இறங்கி, என் ஏணியை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு வீதிவரை வந்தான். அவன் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

படம் கழுவியபோது மிக நன்றாக வந்திருந்தது. நான் சந்தோசப்பட்டேன். அவனுக்கு ஒரு பிரின்ட் கூடக் கொடுக்கவில்லை. போட்டிக்கு அனுப்ப ஒரு பிரின்ட் போட்டு உறையில் வைத்தேன். அனுப்புவதற்குள் தபாலும் நின்றது, எல்லாம் நின்றது.

பிறகு சுற்றிவளைப்புக் காலம். ஆட்களை வரிசையில் இருத்தி, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விடும். என் ஸ்டூடியோவில் நான்கு பெட்டி நெகட்டிவ் இருந்தது. பத்து வருடத்து முகங்கள். பெரும்பாலும் இளம் பெடியன்களின் அடையாள அட்டைப் படங்கள்.

என் மனைவி ஒருநாள் காலையில் பெட்டிகளை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

“இதக் கொழுத்துங்க.”

“இது என்ட தொழில்.”

“நாலு பெட்டி தலையாட்டிய வீட்டுக்க வச்சிரிக்கீங்க. வந்து பெட்டியத் தூக்கிற்றுப் போனா ஊர்ல ஆண்பிள்ள மிஞ்சாது. மறுகா சாவு வீட்டுக்கு ஏணியத் தூக்கிற்றுப் போவீங்களா?”

அவள் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன். தென்னோலைக் குப்பையோடு சேர்த்துக் கொழுத்தினோம், பார்க்கிறவனுக்குக் குப்பைப் புகை மாதிரித் தெரியட்டும் என்று. நெகட்டிவ் எரியும் மணம் மூக்கை அறுக்கும். சுருண்டு சுருண்டு போகும். எந்த முகம் எது என்று பார்க்கவில்லை. அதில் அவனுடைய கலியாணமும் இருந்தது.

ஏணிப் படங்களை மட்டும் எரிக்கவில்லை. இது ஒருவரையும் காட்டிக்கொடுக்காது, இதில் முகமில்லை என்று மனைவிக்குச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

அதே வருடம் உன்னிச்சைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. அவனுடைய குடிசையும் எரிந்தது, உள்ளே கலியாணப் படம் மூன்றும் எரிந்தன. அவனும் மனைவியும் கைக்குழந்தையும் கொக்கட்டிச்சோலையில் அவளுடைய சொந்தக்காரரின் வளவில் ஒரு கொட்டில் போட்டார்கள். அடுத்த வெள்ளாமைக்கு அவன் மட்டும் வட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் சைக்கிளில் போனான். வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அடையாள அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது, அதுவும் வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரைச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் சொல்லமாட்டான். இந்தத் தேசத்தில் அதற்கு மேல் ஒரு விசாரணை நடந்ததாக நான் காணவில்லை.

மூன்று மாதம் கழித்து அவனுடைய மனைவி என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். வாவியைப் பாதையில் கடந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஆட்களோடு ஆட்களாக நின்று, இந்தக் கரையில் சோதனை முடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வந்து வாசலில் நின்றாள். உள்ளே சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்துவிட்டு அதற்குத் தூரமாக வந்து இருந்தாள்.

பட்டினத்தில் காணாமற்போனவர்களின் விவரம் பதிகிறார்களாம். விண்ணப்பத்தில் படம் ஒட்ட வேண்டுமாம். முகம் தெளிவாகத் தெரியும் படம். அது இல்லாமல் எடுக்கமாட்டார்களாம். பெயர் ஒன்றுதான் என்றால் அதே பெயரில் முகாம்களில் எத்தனையோ பேர், முகம் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னார்களாம்.

“கலியாணப் படம் எரிஞ்சிற்று அண்ணன். உங்களிட்ட அதிட நெகட்டிவ் இரிக்கும்தானே?”

நான் மேசையில் கிடந்த அடையாள அட்டைப் படங்களை அடுக்கத் தொடங்கினேன்.

“அது இல்லாட்டியும் காரியமில்ல. பரண்ல வச்சி நீங்க எடுத்த படம் இரிக்காம். மூஞ்சி விழும் எண்டு நீங்க சொன்னீங்களாம். வந்து சொல்லிச் சிரிச்சவர், இந்த முறை பாரு, ஆம்பிள மாதிரி இரிப்பன் எண்டு. அதத் தாங்க.”

ஆக, அவன் வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். கிறுகாதடா என்று நான் கத்தியதைச் சொல்லவில்லை. முகம் விழவில்லை என்று அவனுக்குத் தெரியும். மனைவிக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அல்லது அடுத்த முறை எடுப்போம் என்றதை உண்மையாகவே நம்பியிருந்தான்.

“தேடிப் பாக்கோணும் தங்கச்சி,” என்றேன். “எல்லாம் கலைஞ்சி கிடக்கு. அடுத்த கிழமை வா.”

கோழைத்தனம். வேறு சொல் கிடையாது. அடுத்த கிழமை வந்தாள். இன்னும் அகப்படவில்லை என்றேன். அவள் போன பிறகு மேசையில் இருந்து பென்சிலால் அவனுடைய முகத்தைக் கீறப் பார்த்தேன். மூக்கு எப்படி? நெற்றி ஏறியதா இறங்கியதா? எனக்கு ஞாபகம் இல்லை. ஆயிரக்கணக்கான முகங்களை நாடியைத் தூக்கு, நாடியைப் பதி என்று சொல்லி எடுத்தவன் நான். ஒன்றுகூட மனதில் இல்லை. எல்லாம் நெகட்டிவில் இருக்கிறது என்று நம்பி நான் ஒன்றையும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவனுடைய தம்பி ஒருவனைக் கூப்பிட்டுப் படம் எடுத்து, மீசையைத் தடிப்பாக்கி ஒட்டிக்கொடுக்கலாமா என்றும் நினைத்தேன். பிறகு அந்தத் தம்பி எந்தச் சோதனைச் சாவடியைக் கடப்பான்? விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை வந்தபோது அவளுடைய சேலை முழங்கால்வரை சேறு. கரையில் எல்லோரையும் இறக்கி, சேற்றில் முழங்காலில் இருக்கச் சொன்னார்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல். அப்போதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அகப்பட்டதா அண்ணன்?”

என் மனைவி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தாள். “சொல்லுங்க,” என்றாள். “இல்லாட்டி நான் சொல்லுவன்.”

நான் பிஸ்கற் தகரத்தைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். போட்டிக்கென்று போட்ட பெரிய பிரின்ட்; எனக்கென்று போட்ட சின்னது தகரத்திலேயே கிடந்தது.

அவள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலை அவனுடைய தூக்கிய காலில் வைத்தாள். குதியில் அரிவாள் பட்ட வெட்டு ஒன்று, நான் அதுவரை கவனிக்காதது. “இவர்தான்,” என்றாள். பிள்ளைக்குக் காட்டினாள். “அப்பா.” பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் காகிதம். மறுபடியும் முன்பக்கம்.

“மூஞ்சி எங்க?”

“இல்ல தங்கச்சி.”

“ஏன் அங்கால பாத்துக்கொண்டு நிக்கார்?”

“அவன் கிறுகினவன். நான்தான் கிறுக வேணாம் எண்டு சொன்னன்.”

“ஏன்?”

என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். “அப்பிடி எடுத்தாத்தான் வடிவா இரிக்கும் எண்டு நினைச்சன்.”

அவள் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கத்தவில்லை.

“வடிவா இரிக்கா அண்ணன்?”

கலியாண நெகட்டிவை எரித்ததையும் சொன்னேன். அதை அவள் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். எல்லோரும் எதையாவது எரித்த காலம் அது. ஆனால் மற்றது பயத்தில் செய்ததில்லையே. பயத்தில் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

போகும்போது ஏணியைப் பார்த்துச் சொன்னாள்: “இத எந்தக் காலத்திலயும் எங்கட வளவுக்க கொண்டு வரப்படாது.”

அந்தப் படத்தையே அவள் விண்ணப்பத்தோடு கொண்டுபோனாள். எழுதுவினைஞர் அதை மேசையில் இருந்து திருப்பித் தள்ளினாராம். “இது மரப்படம். ஆள் படம் கொண்டு வாங்க.” குதியில் இருக்கும் வெட்டை இவள் காட்டியிருக்கிறாள். முகாமில் குதியைப் பார்த்தா ஆளைத் தேடுவார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். கொழும்பில் அடையாள அட்டைக் கந்தோரில் ஒரு பிரதி இருக்கலாம் என்று ஒருவர் சொல்லி, நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான்கு கடிதம். பதில் இல்லை. அவளுடைய விண்ணப்பம் படம் ஒட்டும் கட்டம் வெறுமையாக இருந்தபடியே ஏதோ ஓர் அலுமாரிக்குள் போனது. என் ஏணிக்கு அரசாங்க முத்திரையோடு நீளமும் நிறமும் படி எண்ணிக்கையும் எழுதின கடிதம் இருக்கிறது. அவனுக்கு ஒரு கட்டம் நிரப்ப ஆளில்லை.

ஐந்தாறு வருடம் போனது. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறோம், வந்து எடுங்கள் என்று அறிவித்தார்கள். அதை எடுத்தால்தான் உதவி ஏதும் கிடைக்கும், வளவு உறுதியை மாற்றலாம், பிள்ளையின் காரியங்கள் நடக்கும். அதற்குப் படம் வேண்டாமாம். நன்றாகக் கவனியுங்கள். உயிரோடு இருக்கிறான், தேடித் தாருங்கள் என்று கேட்டால் முகம் வேண்டும். செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டால் முகம் தேவையில்லை. கையெழுத்துக் காணும்.

அவள் இரண்டு வருடம் மறுத்தாள். மாமியார்க்காரி வந்து வளவில் இருந்து அழுதாள், தன் மகனுக்குச் சாவுக் கடமை செய்யாமல் தான் கண் மூடமாட்டேன் என்று. அவனுடைய மூத்த தமையன் வந்து பேசினார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் கையெழுத்து வைத்தாள்.

கடமை செய்யும் நாளுக்கு என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பியது தமையன். படம் எடுக்க வேண்டும், ஏணியையும் கொண்டு வரச் சொன்னார். பிரேதம் இல்லாவிட்டாலும் படம் இல்லாமல் எப்படி என்று அவருக்கு. நான் போகமாட்டேன் என்றேன். என் மனைவி சொன்னாள், “போங்க. எடுக்காம விட்ட படம் ஒண்டு இரிக்குதானே உங்களுக்கு.” அவள் இப்படித்தான், ஒரு சொல்லை வைத்துக் குத்திவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

பாதையில் ஏணியோடு வாவியைக் கடந்தேன். கொக்கட்டிச்சோலையில் அந்த வளவுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். அவள் வேலிக் கடவலடிக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஏணியைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு கதவுக் கம்பை இழுத்து வழி விட்டாள்.

முற்றத்தில் வெள்ளை விரித்து ஒரு கதிரை வைத்திருந்தார்கள். கதிரையில் அவனுடைய படம். வேறு படம் ஏது? என்னுடைய அந்தப் பிரின்ட்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணாடியில், தலையின் பின்பக்கத்தில், மயிரின் மேல் வைத்திருந்தார்கள். நான் இந்தத் தொழிலில் எவ்வளவோ கண்டவன். அந்தப் பொட்டைப் போல ஒன்றைக் காணவில்லை.

பிரேதத்தைச் சுற்றி நிற்கிற மாதிரியே கதிரையைச் சுற்றி நின்றார்கள். மாமியார்க்காரி கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தமையன் குடும்பம் ஒரு பக்கம். அவள் கதிரைக்குப் பின்னால், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் ஏணியை நிறுத்தி நான்காவது படிவரை ஏறினேன். கண்ணாடிக்குள் பார்த்தேன். என் ஏணியில் நின்று அவன் ஏணியைப் பார்க்கிறேன். அவன் இன்னும் ஐந்தாவது படியில்தான்.

அப்போது அவள் திரும்பினாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“புள்ள, இஞ்சால கிறுகி நில்லு,” என்றார் தமையன்.

அவள் அசையவில்லை.

“என்ன கா இது? சனம் பாக்குது,” என்று மாமியார்க்காரி கீழேயிருந்து சேலையை இழுத்தாள். “கமராவப் பாரு மகள்.”

“அண்ணன் சொல்லட்டும்,” என்றாள் அவள், வேலியைப் பார்த்தபடியே. குரல் உயரவில்லை. “கிறுகவா வேணாமா எண்டு அவர் சொல்லட்டும். வடிவு எது எண்டு அவருக்குத்தான் தெரியும்.”

எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கிறுகு தங்கச்சி, என்னைப் பார், முகத்தைக் காட்டு என்று சொல்ல வாய் வந்தது. எந்த வாயால் சொல்வது? வேண்டாம், அப்படியே நில் என்றும் சொல்ல ஏலாது. ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மகள் மட்டும் திரும்பாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். அந்தப் பிள்ளையின் நெற்றியையும் மூக்கையும் பார்த்தபோதுதான் அவனுடைய முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியே வந்தது. ஒருவருக்கும் பயன்படாத நேரத்தில்.

ஒன்றும் சொல்லாமல் அமத்தினேன்.

இறங்கி ஏணியை மடக்கிச் சைக்கிளில் கட்டினேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார் தமையன். ஏலாது என்றேன். அவள் கடவலுக்கு வரவில்லை. கம்பை நானே இழுத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கரையில் பாதை வந்து முட்டியதும் சோதனை. புது ஆள், சின்ன வயது. ஏணி என்னத்துக்கு என்று கேட்டான். ஒட்டி ஒட்டி வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, விரலால் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். நான்காவது படியில் கொஞ்சம் நின்று, அது மற்றவற்றைவிடப் புதிதுதானா என்று தடவிப் பார்த்தான்.

“சரி,” என்றான். “எல்லாம் சரியா இருக்கு. போ.”